ஃபுர்சி மதலேன்

ஃபுர்சி மதலேன் (அக்டோபர் 7, 1786 – 1856) இந்தியப் பெருங்கடலிலுள்ள பூர்போன் தீவில் (இன்றைய ரீயூனியன்) அடிமையாக வளர்ந்தவர். தாம் பிறப்பிலேயே சுதந்திர மனிதர் என்று 1817 ஆம் ஆண்டில் அறிவித்து வழக்குத் தொடர்ந்த இவர், 26 ஆண்டுகளுக்குப் பின் பாரிசு நகர நீதிமன்றத்தில் வென்றார். இவருடைய தாய் மதலேன் வங்காளத்தின் சந்தன்நகரில் பிறந்த இந்தியப் பெண் ஆவார். தாய் எங்கே பிறந்தார், யார் கையிலிருந்து யார் கைக்கு மாறினார், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்பவற்றை நிறுவுவதிலேயே வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது. தம் முன்னோரைத் தேடுவது இவருக்கு ஆர்வத்தினாலான முயற்சி அன்று. விடுதலை பெற அது ஒன்றே வழியாக இருந்தது.

அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் வாழ்நாளின் பெரும்பகுதியில் இவர் ஃபுர்சி என்ற ஒற்றைப் பெயராலேயே அறியப்பட்டார். மதலேன் என்பது தாயின் பெயரிலிருந்து வந்து சேர்ந்தது.

தாய் மதலேன்

மதலேன் 1759 ஆம் ஆண்டளவில் சந்தன்நகரில் பிறந்தார். கல்கத்தாவுக்கு வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள இவ்வூர் பிரெஞ்சுக்காரரின் குடியேற்றமாக இருந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றுடன் சேர்ந்து பிரெஞ்சிந்தியாவின் ஐந்து குடியேற்றங்களுள் ஒன்றாக விளங்கியது. வறுமையில் வாடிய குடும்பத்தினர் இச்சிறுமியை அடகு வைத்தனர். அடகு மீட்கப்படவில்லை. சிறுமி ஒரு பிரெஞ்சுப் பெண்மணியின் அடிமையானார். பெற்றோர் இட்ட பெயர் எந்த ஆவணத்திலும் காணப்படவில்லை. மதலேன் என்பது கிறித்தவப் பெயர்.

1770களின் தொடக்கத்தில் அப்பெண்மணி பிரான்சுக்குத் திரும்பியபோது மதலேனையும் உடன் அழைத்துச் சென்றார். கப்பல் பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள லோரியான் துறைமுகத்தை அடைந்தது. அங்கே மதலேன் பூர்போன் தீவைச் சேர்ந்த ரூத்தியே என்ற தோட்ட உரிமையாளரின் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டார். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் கூறப்பட்டபடி, மதலேனுக்கு விடுதலை அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே இவர் ரூத்தியே அம்மையாரிடம் கொடுக்கப்பட்டார். ஆனால் இது உண்மையில் ஒரு விற்பனையே என்று வரலாற்றாய்வாளர் சூ பீபாடி கருதுகிறார். பிரான்சின் எல்லைக்குள் அடிமைகளை விற்பதை அந்நாட்டுச் சட்டமே தடை செய்திருந்தது. எவ்வாறாயினும் மதலேன் விடுவிக்கப்படவில்லை. மீண்டும் கப்பலேற்றப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பூர்போன் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

சில ஆண்டுகளுக்குள் இப்பெண் கடந்த தொலைவு வியப்புக்குரியது. வங்காளத்திலிருந்து பிரான்சு, பிரான்சிலிருந்து மீண்டும் இந்தியப் பெருங்கடல் எனச் சென்ற இப்பயணத்தின் நடுவில் லோரியான் துறைமுகத்தில் கால்வைத்த நாட்களே மகனின் வழக்கைப் பின்னாளில் தீர்மானித்தன.

பிறப்பும் இளமையும்

பூர்போன் தீவில் மதலேனுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தனர். மூத்தவர் மொரீசு, அடுத்தவர் கான்ஸ்டான்சு, இளையவர் ஃபுர்சி. பூர்போன், மொரிசியசு தீவுகளுக்கென 1723 இல் பிறப்பிக்கப்பட்ட அரச ஆணையின்படி குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தாய் அடிமையானால் குழந்தையும் அடிமை. தந்தை யார் என்பது பொருட்டன்று. இதே விதியை வட அமெரிக்காவின் வர்ஜீனியா 1662 ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியிருந்தது. தோட்ட உரிமையாளர்களுக்கு இவ்விதி பெரிதும் வசதியாக இருந்தது. ஆயினும் தாய் சுதந்திரமானவர் என்று நிறுவப்பட்டால் அதே விதி உரிமையாளருக்கு எதிராகத் திரும்பும் என்பதை ஃபுர்சியின் வழக்கு காட்டியது.

கான்ஸ்டான்சு சிறு வயதிலேயே விடுதலை பெற்றார். மொரீசும் ஃபுர்சியும் அடிமைகளாகவே இருந்தனர்.

மறைக்கப்பட்ட விடுதலைப் பத்திரம்

1789 சூலை 6 ஆம் நாள், பாரிசில் பாஸ்டில் சிறை தகர்க்கப்படுவதற்கு எட்டு நாட்களுக்கு முன்பு, ரூத்தியே அம்மையார் மதலேனுக்கு விடுதலை அளித்துப் பத்திரம் எழுதினார். அப்போது ஃபுர்சிக்கு மூன்று வயது கூட நிறையவில்லை. ஆனால் மதலேனின் வாழ்க்கையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இவர் அதே வீட்டில் முன்போலவே வேலை செய்து வந்தார். ரூத்தியே அம்மையார் 1808 இல் இறந்த பின்னரே தாம் 19 ஆண்டுகளாகச் சட்டப்படி விடுதலை பெற்றவராக இருந்ததை மதலேன் அறிந்துகொண்டார்.

அந்த 19 ஆண்டுகளுக்குரிய பணம் மதலேனுக்குச் சேர வேண்டியிருந்தது. குடும்பச் சொத்துக்கு உரியவரான ழோசப் லோரியிடம், அத்தொகைக்கு ஈடாகத் தம் மகன் ஃபுர்சியை விடுவிக்குமாறு இவர் கேட்டார். லோரி ஒரு தாளில் இவரிடம் ஒப்புதல் பெற்றுக்கொண்டார். மகனின் விடுதலைக்கான பத்திரம் என்று மதலேன் நம்பியது, உண்மையில் லோரியிடமிருந்து எதுவும் வரவேண்டியதில்லை என்ற விடுவிப்பு ஆவணமாக இருந்தது என ஃபுர்சியின் தரப்பில் பின்னர் வாதிடப்பட்டது. பணமும் கிடைக்கவில்லை, மகனும் விடுவிக்கப்படவில்லை. சில ஆண்டுகளில் மதலேன் காலமானார். இவர் விட்டுச் சென்ற தாள்களே ஃபுர்சியின் வழக்குக்கு அடிப்படையாயின.

1817 ஆம் ஆண்டு வழக்கு

நெப்போலியன் காலப் போர்களின்போது, 1810 இல், பூர்போன், மொரிசியசு ஆகிய இரு தீவுகளையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். மொரிசியசு அவர்களிடமே தங்கிவிட, பூர்போன் 1815 இல் பிரான்சுக்குத் திருப்பியளிக்கப்பட்டது. 1817 இல் ழில்பேர் பூஷே என்ற வழக்கறிஞர் தீவின் தலைமை அரசு வழக்கறிஞராகப் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தார். தோட்ட உரிமையாளர்களின் குடும்ப வலைப்பின்னலுக்கு வெளியே இருந்த அதிகாரி இவர். கான்ஸ்டான்சு தம்பியின் பொருட்டு இவரை அணுகினார். பூஷேயும், தீவிலேயே பிறந்த இளம் சட்ட அதிகாரி சாக் சுல்லி-புருனேயும் ஆவணங்களைப் பார்த்து, ஃபுர்சியின் கோரிக்கையில் நியாயம் உள்ளது எனக் கண்டனர்.

1817 நவம்பர் 21 ஆம் நாள், 31 வயதான ஃபுர்சி லோரியின் மாளிகை வாயிலைக் கடந்து வெளியேறி, தாம் சுதந்திர மனிதர் என்று அறிவித்தார். இவர் தப்பி ஓடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அக்காலத்தில் ஓடிய அடிமைகள் தீவின் மலைப்பகுதிகளில் ஒளிந்து வாழ்ந்தனர்; இவரோ சட்டத்தின் முன் நின்றார். லோரி இவரைத் தப்பியோடிய அடிமை எனக் கூறிச் சிறையிலடைக்கச் செய்தார்.

அடிமைகளை நம்பியே தீவின் பொருளாதாரம் இயங்கிய நிலையில் இவ்வழக்கு பெரும் அச்சத்தை ஏற்படுத்தியது. இந்தியத் தாய் அல்லது பாட்டியின் வழிவந்த அடிமைகள் பலர் தீவில் இருந்தனர். ஃபுர்சி வென்றால் அவர்கள் அனைவரும் தத்தம் முன்னோரைத் தேடத் தொடங்கிவிடுவர் என்று உரிமையாளர்கள் அஞ்சினர். தீவின் நிருவாகத் தலைவர்களுள் ஒருவரான பிலிப் தெபசேன் தெ ரிஷ்மோன், தீவின் பெரும் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். இவரது எதிர்ப்பினால் பூஷே பிரான்சுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். சுல்லி-புருனேயும் வழக்கிலிருந்து அகற்றப்பட்டார். முதல் நீதிமன்றம் ஃபுர்சியின் கோரிக்கையைத் தள்ளியது. 1818 பெப்ரவரியில் மேல்முறையீடும் தோற்றது.

வாதங்கள்

ஃபுர்சியின் தரப்பு மூன்று வாதங்களை முன்வைத்தது. இந்தியர்கள் சுதந்திரமான ஓர் இனத்தவர். எனவே இந்தியப் பெண்ணை அடிமையாக்கியதே செல்லாது என்பது முதல் வாதம். 1789 இல் தாய் விடுவிக்கப்பட்டபோது சிறு குழந்தையாக இருந்தவரைத் தாயிடமிருந்து பிரித்து அடிமையாக வைத்திருக்க முடியாது என்பது இரண்டாவது. பிரான்சு மண்ணில் கால்வைத்த கணத்திலேயே மதலேன் விடுதலை பெற்றுவிட்டார் என்பது மூன்றாவது.

முதல் வாதம் இன்றைய வாசகருக்குச் சங்கடத்தைத் தரக்கூடியது. ஆப்பிரிக்கர்களையும் மடகாசுகர் மக்களையும் அடிமையாக்கியதை அது கேள்வி கேட்கவில்லை. இந்தியரை மட்டுமே விலக்குமாறு கேட்டது. அடிமை முறைக்கு உள்ளேயே நின்று வாதிட வேண்டியிருந்த ஒருவருக்குக் கிடைத்த கருவிகள் இவ்வளவே. அமெரிக்காவிலும் இதனையொத்த வழக்குகள் நடந்தன. 1806 இல் வர்ஜீனியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம், தாய்வழியில் அமெரிக்கத் தொல்குடிப் பெண்ணின் வழிவந்தவர்கள் என்ற அடிப்படையில் ரைட் குடும்பத்தினரை விடுவித்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் அதே அடிப்படையில் விடுதலை கோர அத்தீர்ப்பு இடம் தரவில்லை.

மூன்றாவது வாதம் பிரான்சின் பழைய மரபொன்றைச் சார்ந்தது. அந்நாட்டு மண்ணில் அடிமைத்தனம் இல்லை என்பதே அம்மரபு. குடியேற்ற நாட்டு உரிமையாளர்களின் வசதிக்காக 1716 ஆம் ஆண்டு ஆணையும் 1738 ஆம் ஆண்டு அறிவிப்பும் அம்மரபுக்குச் சில விலக்குகளை அளித்தன. உரிய அனுமதியும் பதிவும் பெற்று, கல்வி அல்லது தொழிற்பயிற்சிக்காக அடிமைகளைச் சில காலம் அழைத்து வரலாம். இவ்விதிகள் மதலேனின் வருகையில் பின்பற்றப்பட்டனவா என்பதே கேள்வி.

மொரிசியசில்

ஏறத்தாழ ஓராண்டு சிறைவாசத்துக்குப் பின், 1818 நவம்பரில் லோரி இவரை மொரிசியசுக்கு அனுப்பி அங்கிருந்த தம் உறவினரின் தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தினார். பூஷேக்கு ஃபுர்சி அனுப்பிய கடிதங்கள் இக்காலத்தைப் பற்றிய முதன்மையான சான்றுகளாகும். தம் வழக்கை மறந்துவிட வேண்டாம் என்ற வேண்டுகோள் அவற்றில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது.

லோரியின் இச்செயலே ஃபுர்சிக்கு உதவியாக முடிந்தது விந்தையானது. ஆங்கிலேயர் 1807 இலேயே அடிமை வணிகத்தைத் தடை செய்திருந்தனர். வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது மொரிசியசிலும் குற்றமாகும். ஃபுர்சி உரிய முறையில் பதிவு செய்யப்படாமல் கொண்டுவரப்பட்டவர் என்பது தெரியவந்ததால், 1829 இல் ஆங்கிலேய நிருவாகம் இவரை விடுவித்தது. பிறகு போர்ட் லூயிசு நகரில் இனிப்புப் பண்டங்கள் செய்யும் தொழிலில் இறங்கி வசதியுடன் வாழ்ந்தார். அக்காலத்தில் இவரே அடிமைகளை வைத்திருந்தார் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. இவரை வீரராக மட்டும் சித்திரிக்கும் நூல்கள் இச்செய்தியைத் தவிர்ப்பதுண்டு.

பாரிசுத் தீர்ப்பு

மொரிசியசில் கிடைத்த விடுதலையுடன் ஃபுர்சி அமைதியடையவில்லை. அது ஒரு பதிவுக் குறைபாட்டால் கிடைத்த விடுதலை. இவர் கோரியதோ பிறப்பிலேயே தாம் சுதந்திரமானவர் என்ற தீர்ப்பை. 1830களில் இவர் பாரிசு சென்று வழக்கைப் புதுப்பித்தார். பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1840 மே 6 ஆம் நாள் பூர்போன் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து, வழக்கைப் பாரிசு அரச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1843 திசம்பர் 23 ஆம் நாள் அந்நீதிமன்றம் ஃபுர்சி பிறப்பிலேயே சுதந்திரமானவர் எனத் தீர்ப்பளித்தது. அப்போது இவருக்கு வயது 57.

தீர்ப்பு இந்திய இனத்தைப் பற்றிய வாதத்தை அடிப்படையாகக் கொள்ளவில்லை. பிரான்சு மண்ணைப் பற்றிய வாதத்தையே ஏற்றது. லோரியானில் இறங்கியபோதே மதலேன் விடுதலை பெற்றார் என்றால், அதன் பின் பிறந்த மூன்று குழந்தைகளும் பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள். தீர்ப்பு ஃபுர்சியை மட்டுமே பெயரிட்டது. மூத்தவரான மொரீசு அடிமையாகவே இறந்தார்.

ஃபுர்சி 1856 இல் காலமானார். பூர்போன் தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதை (1848 திசம்பர் 20) இவர் உயிருடன் இருந்து காண முடிந்தது.

ஆவணங்களும் வம்சாவளித் தேடலும்

அடிமைகளின் வழிவந்தோர் தம் முன்னோரைத் தேடும்போது எதிர்கொள்ளும் இடர்கள் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒன்றே. அடிமை ஒரு நபராக அன்றி உடைமையாகவே பதியப்பட்டார். ஆகவே அவரைத் தேடுபவர் உரிமையாளரின் உயில், பாகப்பிரிவினை, அடமானப் பத்திரம் ஆகியவற்றில் தேட வேண்டும். அமெரிக்காவில் 1850, 1860 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயரின் கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே பொதுவாகத் தரப்பட்டன, பெயர்கள் இல்லை. முன்னாள் அடிமைகள் அனைவரும் பெயருடன் இடம்பெற்ற முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870 ஆம் ஆண்டினது. ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் தேடல் பெரும்பாலும் இவ்வாண்டில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. அலெக்சு ஏலி தம் குடும்பத்தின் ஏழு தலைமுறைகளைக் காம்பியா வரை கொண்டு சென்று எழுதிய வேர்கள் (1976) என்ற நூல் இத்தேடலை உலகறியச் செய்தது. அந்நூலின் வம்சாவளி விவரங்கள் பல பதிவுகளுடன் பொருந்தவில்லை எனப் பின்னர் ஆய்வாளர்கள் காட்டினர்.

பூர்போன் தீவின் பதிவுகளில் அடிமைகளின் பெயர்கள் ஓரளவு கிடைக்கின்றன. எனினும் அங்கு வேறொரு சிக்கல் உண்டு. அடிமைகள் இந்தியர், மடகாசுகர், ஆப்பிரிக்கர் எனப் பிறப்பிடத்தைக் கொண்டு வகைப்படுத்தப்பட்டனர். தீவில் பிறந்தவர்களோ கிரியோல் எனக் குறிக்கப்பட்டனர். இதனால் ஒரே தலைமுறையில் இந்திய அடையாளம் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். 1848 இல் விடுவிக்கப்பட்ட 60,000 க்கும் மேற்பட்டோருக்குத் தனிப் பதிவேடுகளில் புதிய குடும்பப் பெயர்கள் வழங்கப்பட்டன. அப்பெயர்களுக்கும் அவர்களது முன்னோருக்கும் பெரும்பாலும் எத்தொடர்பும் இல்லை.

தமிழகச் சூழல்

ஃபுர்சி வென்ற அதே 1843 ஆம் ஆண்டில், ஏப்ரல் மாதத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற ஐந்தாம் சட்டம் இயற்றப்பட்டது. கள்ளக்குறிச்சி உள்ளிட்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பண்ணையாட்களுக்கும் இச்சட்டம் பொருந்தியது. ஆனால் மதலேனின் விடுதலைப் பத்திரத்தைப் போலவே, இதுவும் உரியவர்களைச் சென்றடையப் பல தலைமுறைகள் ஆயின. கள்ளக்குறிச்சிக்கு மேற்கிலுள்ள கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. நாடு முழுவதற்குமான கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அவ்வாண்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

முன்னோரின் ஆவணம் ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்ற கருத்து இப்பகுதிக்குப் புதிதன்று. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருநாவலூரில் பிறந்தவராகக் கூறப்படும் சுந்தரரின் கதை இதற்குச் சான்று. பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலையைக் காட்டி முதியவர் ஒருவர் திருமணப் பந்தலில் அவரைத் தம் அடிமை என்று உரிமை கோரியதையும், திருவெண்ணெய்நல்லூர் அவையினர் கையெழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்பளித்ததையும் பெரியபுராணம் விவரிக்கிறது. அங்கு ஓலை பேரனை அடிமையாக்கியது. ஃபுர்சிக்குத் தாயின் தாள்கள் எதிர்த்திசையில் பயன்பட்டன.

அடிமை ஒழிப்புக்குப் பின் பூர்போனின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். 19 ஆம் நூற்றாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்குச் சென்றனர். இவர்களுள் தமிழர்களே மிகுதி. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய இவர்களுள் பலர் தென்னார்க்காடு போன்ற அண்டை ஆங்கிலேய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலேய அரசு 1882 இல் இவ்வனுப்புதலை நிறுத்தியது. இவர்களின் வழித்தோன்றல்கள் ரீயூனியனில் மலபார் என அழைக்கப்படுகின்றனர். அடிமைகளின் வழிவந்தோரை விட இவர்களுக்கு ஒரு வாய்ப்பு மிகுதி: ஒவ்வொரு கூலிக்கும் ஒரு பதிவெண் இருந்தது. பெயர்கள் பிரெஞ்சு எழுத்தரின் செவிக்கேற்பச் சிதைந்திருந்தாலும், அவ்வெண்ணைப் பிடித்துக்கொண்டு கப்பல் வரையிலும், சில வேளைகளில் ஊர் வரையிலும் செல்ல முடிகிறது.

பிற்கால ஆய்வுகள்

பூஷே தம்முடன் பிரான்சுக்கு எடுத்துச் சென்ற வழக்குக் கட்டு 2005 இல் பாரிசில் ஏலத்துக்கு வந்தது. ரீயூனியன் ஆவணக் காப்பகம் அதனை வாங்கியது. ஏலச் செய்தியைப் படித்த இதழாளர் மொகமது ஐசாவி இவ்வழக்கைப் பற்றி எழுதிய நூல் 2010 இல் வெளிவந்து, அவ்வாண்டின் இரெனொதோ கட்டுரைப் பரிசைப் பெற்றது. சூ பீபாடி இந்தியா, பிரான்சு, மொரிசியசு, ரீயூனியன் தொடர்பான ஆவணங்களைத் திரட்டி மதலேனின் குடும்ப வரலாற்றை 2017 இல் நூலாக வெளியிட்டார். 2019 இல் ரீயூனியனின் வில்லேல் அருங்காட்சியகத்தில் ஃபுர்சியின் வாழ்க்கை பற்றிய கண்காட்சி நடைபெற்றது. அருங்காட்சியகம் அமைந்துள்ள அவ்வளமனை, வழக்கை முடக்க முயன்ற ரிஷ்மோனின் தாய்க்குச் சொந்தமாக இருந்ததாகும்.